மீனைக் கண்டவளும் பஸ்ஸை எடுத்தவளும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே முன்னால் என்ன எழுதினேன் என்பது மறந்துபோகும். எங்கள் கோயில் போதகரின் வீட்டம்மாவிடம் இதைச் சொல்லி நழுவப் பார்த்தேன். "நம்ம பொம்பளைக கூட்டத்துல எல்லாரும் எழுதுதாக, நீங்க மட்டும் என்ன? சின்ன வயசுல நடந்தது ஒண்ணே ஒண்ணு எழுதுங்க, போதும்" என்று சொல்லிவிட்டார்கள். கூட்டத்தில் வாய் திறந்து ஜெபம் பண்ணவே எனக்குக் கூச்சம். எழுதுவது ஒரு விதத்தில் அதைவிடத் தேவலை. யாரும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் என்னோடு பாயில் உட்காருகிற என் வயதுக்காரிகளுக்குத்தான் இது. உங்களில் சிலர் சோழபுரத்துக்காரிகள். என் அக்காவைத் தெரிந்தவர்கள். தப்பாக எதையாவது எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயது என்று எழுத உட்கார்ந்தால் என்னுடையது மட்டும் தனியாக வரமாட்டேன் என்கிறது. போன கோடையில் எங்கள் வளவில் இரண்டு பிள்ளைகள் போனில் விளையாடியதும் கூடவே வருகிறது. பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் என்னுடையது. வீட்டில் எனக்கும் அக்காவுக்கும் சிலேட்டு ஒன்றுதான். முன்பு இரண்டு இருந்தது. என்னுடையது ஒரு மழைநாளில் கையிலிருந்து வழுக்கி விழுந்து துண்டு துண்டாகிவிட்டது. "ரெண்டு பேரும் ஒரே வகுப்புதான, ஒண்ணு போதும்" என்று அப்பா சொல்லிவிட்டார். அக்கா என்னைவிட மூத்தவள். கைப்பிள்ளையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றதால் பள்ளிக்கூடத்தில் சேரப் பிந்திவிட்டாள். அதனால்தான் ஒரே வகுப்பு.

சிலேட்டை நடுவில் வைத்து ஒட்டி உட்காருவோம். பிடித்திருப்பது அக்கா, எழுதுவதும் அக்கா. பள்ளிக்கூடத்து வேலியில் கோவைக்கொடி படர்ந்து கிடக்கும். அந்த இலையைப் பறித்துக் கசக்கித் துடைத்தால் சிலேட்டு கருகருவென்று புதிதாகிவிடும். அந்தப் பச்சை வாசனை சாயந்திரம் கம்பங்கஞ்சி குடிக்கும்போதும் விரலை விட்டுப் போகாது.

அக்காவுக்கு வாய்ப்பாடு, வேத வசனம், பாட்டு எல்லாம் ஒரு தடவை காதில் விழுந்தால் நின்றுவிடும். ஆனால் கணக்கில் எதைக் கூட்ட வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்றால் விழிப்பாள். எனக்கு நேர்மாறு. எட்டேழு எவ்வளவு என்று இன்றைக்கும் தடுமாறுவேன். வண்டிக்கு இத்தனை பொதி பருத்தி, இத்தனை வண்டி போயாச்சு, மிச்சம் எவ்வளவு என்று வாத்தியார் கேட்டால் மட்டும் அந்தக் கணக்கு போகிற பாதை எனக்குக் கண்ணில் தெரியும். அக்காவின் காதில், "முதல்ல பெருக்கு, பொறவு கழி" என்பேன். அவள் பெருக்கிக் கழித்து விடையை எழுதிவிடுவாள். அதைக் காப்பியடிப்பது என்று நாங்கள் நினைத்ததே இல்லை. ஒருத்தி தண்ணீர் இறைக்க ஒருத்தி குடம் தூக்குவதைப் போலத்தான் அது எங்களுக்கு.

வாத்தியார் சிலேட்டைப் பார்ப்பார். அதைப் பிடித்திருக்கிற கையைப் பார்ப்பார். "நல்லாப் போட்டிருக்க தாயி" என்பார் அக்காவிடம். அவர் நல்ல மனிதர்.

இனி இங்கே, ராஜபாளையத்தில். நான் இருக்கிற வளவு உங்களுக்குத் தெரியும். நடுவில் குழாயடி, இந்தப் பக்கம் ஒரு வரிசை வீடு, அந்தப் பக்கம் ஒரு வரிசை வீடு. பேண்டேஜ் துணியை வாங்கிவந்து வீட்டில் வைத்தே மடித்துக் கொடுக்கிறேன். அறை முழுக்க வெள்ளையாகத்தான் கிடக்கும், சலவை மருந்து நெடி அடிக்கும். எதிர்வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். பெரியவள் ஐந்தாவது முடித்திருந்தாள், சின்னவள் நான்காவது. அப்பா மினிலாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் கேரளாவில் இருப்பார். அம்மா மில்லுக்குப் போகிறவள். அவள் என்னைப் பெரியம்மா என்பாள். பிள்ளைகளுக்கு நான் ஆச்சி.

"பெரியம்மா, ஷிப்டு முடிஞ்சதும் ஓடி வந்திருதேன். செத்த நேரம் பாத்துக்கிடுங்க" என்று விட்டுவிட்டுப் போவாள். அந்தச் செத்த நேரம் பகல் முழுக்க இருக்கும்.

கோடை லீவு விட்டதும் பெரியவளின் வகுப்புக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் ஒரு விளையாட்டைப் போனில் ஏற்றிக் கொடுத்தார்கள். அதை ஆடினால் பிள்ளைகளுக்கு யோசிக்கிற திறமை வளருமாம். தினமும் ஆட வேண்டும். வீட்டில் ஆடுவதெல்லாம் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும், டீச்சர் அங்கிருந்தே பார்த்துக்கொள்வார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பேர். அந்தப் பேரைத் தொட்டால்தான் ஆட்டம் திறக்கும். பெரியவளின் பேர்தான் அதில் இருந்தது.

திறந்ததும் கண்ணாடி போட்ட ஒரு ஆந்தை வந்து சிறகை ஆட்டி, 'குட் மார்னிங்' என்று சொல்லும்.

"விடிஞ்சும் விடியாம ஆந்த மூஞ்சியில முழிக்க வச்சிட்டாகளே, வேற பறவையே கிடைக்கலையாக்கும்?" என்று அவர்கள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, இது அறிவாளி ஆந்த."

"அறிவாளியோ என்னவோ, சத்தத்தக் குறைங்கட்டி."

ஆட்டங்கள் நிறைய இருந்தன. எனக்கு ஞாபகம் இருப்பது இரண்டு. ஒன்று சீட்டு. வரிசையாகச் சீட்டுகளை ஒரு கணம் திறந்து காட்டிவிட்டுக் கவிழ்த்துவிடும். மீன் எங்கே இருந்தது, குடை எங்கே இருந்தது, சாவி எங்கே இருந்தது என்று ஞாபகம் வைத்து ஜோடி சேர்க்க வேண்டும். இன்னொன்று பஸ். குறுகலான இடத்தில் லாரியும் காருமாகக் குறுக்கும் நெடுக்கும் நிற்கும். நடுவில் ஒரு மஞ்சள் பஸ் மாட்டிக்கொண்டிருக்கும். மற்ற வண்டிகளை முன்னும் பின்னும் தள்ளி அதற்கு வழி உண்டாக்க வேண்டும். ஒன்றை முடித்தால் அடுத்தது இன்னும் கடினமாக வரும்.

சீட்டு பெரியவளுடைய ராஜ்யம். அவள் ஒரு வேலை பண்ணியிருந்தாள். மேல்வரிசைச் சீட்டு எல்லாம் எங்கள் பக்கத்து வீடுகள், கீழ்வரிசை எதிர்ப் பக்கத்து வீடுகள்.

"மீனு ஆச்சி வீட்டுல. குடை மிலிட்டரி தாத்தா வீட்டுல. சாவி தெலுங்குக்காரம்மா வீட்டுல."

"இன்னொரு மீனு எங்கக்கா?"

"எங்க வரிசையில கடைசி வீடு. நாயி கட்டிக் கெடக்கும்லா, அங்க. அதான் மீனுக்குக் காவல்."

இரண்டும் விழுந்து விழுந்து சிரிக்கும். சீட்டு வரிசை கூடக் கூட வளவு போதவில்லை. பின்தெருவில் உள்ள டெய்லர் கடை, பேக்கரி, மாவு மில் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டாள். கண்ணை மூடி மனசுக்குள்ளேயே தெருவில் நடந்துபோவாள், ஒரு வீடு தப்பாது.

பஸ் சின்னவளுடையது. அவள் போனைத் தொடுவதற்கு முன் தரையில் தீப்பெட்டிகளை அடுக்குவாள். குந்தி உட்கார்ந்துகொண்டு, அவள் அப்பா லாரியைச் சந்துக்குள் எடுக்கும்போது கிளீனர் கத்துவதைப் போலவே, "வரட்டும், வரட்டும், போதும், நிப்பாட்டு" என்று கத்திக்கொண்டு தீப்பெட்டிகளைத் தள்ளுவாள். பொறவு போனில் நாலைந்து தட்டு. பஸ் வெளியே வந்துவிடும்.

"எப்படிட்டி கண்டுபிடிக்க?" என்று கேட்டேன்.

"பஸ்ஸப் பாக்கக் கூடாது ஆச்சி. பஸ்ஸ மறிச்சு ஒருத்தன் நிக்கான்லா, அவன மறிச்சு யாரு நிக்கான்னு பாக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. இந்த வார்த்தையைச் சொல்லத் தெரியாமல்தான் நான் அன்றைக்கு அக்காவின் காதில் 'பெருக்கு, கழி' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சண்டை இல்லாமல் இல்லை. "ஏட்டி, எம் பேருலதான இருக்கு, குடு" என்பாள் பெரியவள். "ஒம் பேருன்னா ஒன் பஸ்ஸ நீயே எடு, பாப்போம்" என்பாள் சின்னவள். பெரியவள் செத்த நேரம் முறைத்துவிட்டுப் போனை அவள் மடியில் போடுவாள். அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான். முட்டை ஒன்று என்றால் நூலால் அறுத்துப் பாதிப் பாதி. குடை ஒன்று. சைக்கிள் ஒன்று. ஒரு பேரில் இரண்டு பேர் ஆடுவது தப்பு என்று அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தோன்றும்?

மே மாதத்தில் ஒருநாள் பெரியவளின் டீச்சர் ஸ்கூட்டியில் வளவுக்கே வந்துவிட்டார்கள். சின்ன வயசு, வெயிலில் முகம் சிவந்திருந்தது. சந்தோஷத்தில் நின்றபடியே பேசினார்கள்.

"சில பிள்ளைக்கு ஞாபகசக்தி இருக்கும், யோசனை இருக்காது. சிலதுக்கு யோசனை இருக்கும், ஞாபகம் நிக்காது. உங்க பிள்ளைக்கு ரெண்டுமே உச்சத்துல இருக்கும்மா. நான் இப்படிப் பாத்ததே இல்ல."

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் தங்கிப் படிக்கிற ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாம். இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடி எடுத்துச் சாப்பாடும் படிப்பும் கொடுத்து வைத்துக்கொள்வார்களாம். அவர்கள் முன்னால் ஒருநாள் உட்கார்ந்து ஆடிக்காட்டினால் போதும்.

பிள்ளைகளின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். பெரியவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். சின்னவள்தான் முன்னால் வந்து, "டீச்சர், பஸ்ஸு எம்புட்டுத் தூரம் வந்திருக்கு?" என்று பெருமையாகக் கேட்டாள்.

"ரொம்பத் தூரம் வந்திருக்கு. உனக்கும் அடுத்த வருஷம் உண்டு, அக்காவப் பாத்துக் கத்துக்கோ" என்று அவள் கன்னத்தைத் தட்டினார்கள்.

"ரெண்டும் சேந்துதான் டீச்சர் ஆடுதுக" என்றேன். என் சத்தம் உங்களுக்குத் தெரியுமே, பக்கத்தில் உள்ளவருக்கே பாதிதான் கேட்கும். டீச்சர் சிரித்துக்கொண்டு, "ஆமா பாட்டி, வீட்டுல எல்லாரும் ஊக்கம் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்கள்.

எங்கள் வாத்தியாரும் இப்படித்தான் ஒரு சாயந்திரம் வீட்டுக்கு வந்தார். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "மூத்தவ படிக்க வேண்டியவ. வில்லிபுத்தூர் போர்டிங்ல எடம் சொல்லி வச்சிருக்கேன், மறுக்காதீய" என்றார். அப்பா தலையை ஆட்டினார். "சின்னது?" என்று அம்மா கேட்டாள். "அது எழுத்து கோழி கிண்டுனாப்ல இருக்கு, இங்கனயே இருக்கட்டும்" என்றார் வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்காவுக்கு இடம் கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் போன பிறகு சிலேட்டு முழுதும் எனக்கே என்றும் நினைத்தேன்.

அக்கா தகரப்பெட்டியோடு போனாள். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. பேன் என்று சொல்லித் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தாள். ஏன் போகமாட்டேன் என்கிறாய் என்று கேட்டுக் கேட்டு அப்பா மாட்டுக்கயிற்றால் அடித்தார். வாய் திறக்கவில்லை. "இம்புட்டு நல்ல பிள்ள இப்படிச் சோம்பேறியாப் போச்சே" என்று வாத்தியார் வருத்தப்பட்டார். வீட்டு நினைப்பு என்றாள் அம்மா. பிடிவாதம் என்றார் அப்பா. பருத்திக்காட்டில் நானும் அவளும் தனியாக நின்றபோது என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாள்: "அங்க வழி சொல்ல ஆளில்லட்டி."

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. ஊருக்கு வழி தெரியாமல் தவித்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். யாரும் பொய் சொல்லவில்லை பாருங்கள். வாத்தியார் சொல்லவில்லை, அக்கா சொல்லவில்லை. இரண்டு பேர் போட்ட கணக்கை ஒருத்தி தலையில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். அவள் அதற்குப் பிறகு எழுத்தைத் தொடவே இல்லை. தறிக்குப் போனாள். கல்யாணத்துக்குக்கூடக் கைநாட்டு வைத்தாள். கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்தவள். அந்தச் சிலேட்டு கொஞ்ச நாள் தண்ணீர்ப் பானைக்கு மூடியாகக் கிடந்தது, பிறகு எங்கே போனதோ தெரியவில்லை. அக்காவை ஆண்டவர் எடுத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். அவளை அடக்கம் பண்ணின அன்று வாத்தியாரின் மகன் வந்து, "எங்கப்பா சாகுற வரைக்கும் உங்க அக்காவப் பத்தித்தான் சொல்லுவாரு, நல்லா வந்திருக்க வேண்டிய பிள்ளன்னு" என்றார்.

அதனால்தான் டீச்சர் வந்துபோன மறுநாள் குழாயடியில் எதிர்வீட்டுக்காரியைப் பிடித்தேன். அவள் குடத்தை வைத்துவிட்டு நின்றாள்.

"பஸ்ஸு ஆட்டமெல்லாம் சின்னவதாம்மா ஆடுதா. பெரியவளுக்கு அது வராது. அங்க தனியா உக்காந்தா திணறிப்போவா."

"ஒரே வீட்டுப் பிள்ளைகதான பெரியம்மா? அவளும் கூட ரெண்டு தட்டு தட்டியிருப்பா."

"ரெண்டு தட்டு இல்லம்மா..."

"இதப் போயி டீச்சர்ட்டச் சொன்னா பேர எடுத்துருவாக. எனக்கு மில்லுல நின்னு நின்னு காலு நரம்பெல்லாம் சுருட்டிக்கிட்டு. ஒண்ணாவது கரையேறட்டும் பெரியம்மா. நீங்க ஜெபம் பண்ணுங்க, அது போதும்."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். நான் ஜெபம் பண்ணினேன். என்ன கேட்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

பெரியவள் பஸ்ஸோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தாள். சின்னவள் தீப்பெட்டியை வைத்துச் சொல்லிக்கொடுப்பாள். "பஸ்ஸப் பாக்காதக்கா, பஸ்ஸப் பாக்காத!" என்று கத்துவாள். பெரியவளின் கண் பஸ்ஸை விட்டு நகராது. கடைசியில் அவளுக்குத் தெரிந்த வழியில் போனாள். சின்னவள் ஆடுவதைப் பார்த்து அப்படியே மனப்பாடம் பண்ணினாள். 'சிவப்பு லாரி கீழ, பச்சைக் காரு இடது பக்கம், நீலம் மேல' என்று சாப்பிடும்போதும் முணுமுணுத்தாள். எல்லா ஆட்டமும் மனப்பாடம். ஆந்தை கைதட்டியது. அவர்கள் அம்மா என் பக்கம் திரும்பி, "பாத்தீகளா?" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். வெயிலில் சின்னவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றுதான். நாங்கள் போன பஸ்ஸில் பெரியவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழியெல்லாம் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடம் பெரிது. வரிசையாக வேப்பமரம். பிள்ளைகள் உள்ளே, நாங்கள் வராண்டாவில். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாத் தாய்மாரும் நின்றார்கள். உள்ளே பெஞ்சுக்கு ஒரு பிள்ளை, ஆளுக்கொரு பெரிய போன். பருத்திச் சேலை கட்டிய ஒரு மிஸ் நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீட்டு வந்தது. பெரியவள் கண்ணை மூடித் திறந்தாள், மடமடவென்று தட்டினாள். மிஸ் அவள் பின்னால் வந்து நின்றேவிட்டார்கள். பக்கத்து அம்மாமார், "யாரு பிள்ள அது?" என்றார்கள்.

பொறவு பஸ் வந்தது. அது புதுசு. வீட்டுப் போனில் வந்த எதுவும் இல்லை. அவள் சிவப்பு லாரியைக் கீழே இழுத்தாள், கீழே இடம் இல்லை. பச்சைக் கார் அந்த ஆட்டத்திலேயே கிடையாது. கொஞ்ச நேரம் விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகை எனக்கு முன்பே தெரியும் என்று தோன்றியது.

பிறகு வகுப்பில் தூக்குவதைப் போலக் கையைத் தூக்கினாள்.

"மிஸ், இது எங்க தங்கச்சி ஆடுறது."

மிஸ் சிரித்தார்கள். "பயப்படாதம்மா. நீயே ஆடு."

"இல்ல மிஸ். சீட்டு நான். பஸ்ஸு அவ."

அவர்கள் அம்மா ஜன்னல் வழியே கையை உள்ளே விட்டாள். "பயத்துல உளறுதா மேடம்! ஏட்டி, ஒழுங்கா ஆடு. வெளிய வா, ஒன்ன வச்சுக்கிடுதேன்."

"பொய் சொல்லலம்மா" என்றாள் பெரியவள். மிஸ்ஸின் முகம் மாறியது. சாக்குச் சொல்கிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

"பிள்ள சொல்லுதது நிசம்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. "ரெண்டு பேரும் என் வீட்டுல உக்காந்துதான் ஆடுனாக. பாதி இவ, பாதி அவ. ரெண்டும் சேந்ததுதான் நீங்க பாத்த பிள்ள. இவ ஏமாத்தல. யாருமே ஏமாத்தல." அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை.

மிஸ் கொஞ்சம் யோசித்தார்கள். பிறகு சின்னவளை உள்ளே கூப்பிட்டார்கள். பெஞ்சு முன்னால் உட்கார்ந்தால் அவளுக்கு உயரம் போதவில்லை, முட்டி போட்டுக்கொண்டாள். தீப்பெட்டி இல்லாததால் விரலால் பெஞ்சிலேயே வரைந்து பார்த்தாள். 'வரட்டும், வரட்டும்' என்று முணுமுணுத்தாள். பஸ் வெளியே வந்தது. அடுத்ததும் வந்தது. அதற்கு அடுத்ததும். இரண்டு மூன்று சார்கள்கூட வந்து சுற்றி நின்றார்கள். யாரும் பெரியவளைப் பார்க்கவில்லை. அவள் தண்ணீர்ப் பாட்டிலை மாரோடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

சின்னவளுக்குச் சீட்டைப் போட்டார்கள். அவள் சட்டென்று திரும்பி, "அக்கா, மீனு யாரு வீட்டுல?" என்று கேட்டாள்.

பெரியவள் வாயைத் திறந்தாள். மிஸ் "ஷ்ஷ்" என்றார்கள். பெரியவள் தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் தானாக முடிந்து ஆந்தை உதட்டைப் பிதுக்கியது.

அரைமணி நேரம் கழித்துக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: சின்னவளை எடுத்துக்கொள்கிறோம், ஐந்தாவதில் சேருங்கள். "ஞாபகத்த நாங்க பழக்கிருவோம். யோசனைதான் பழக்க முடியாதது, அது பிறவியிலேயே வரணும்" என்றார்கள். பெரியவளிடம், "உனக்கு மெமரி சூப்பர் கண்ணு" என்று ஒரு மிட்டாய் கொடுத்தார்கள்.

எனக்குப் படிப்பில்லை. இருந்தாலும் கேட்கத் தோன்றியது. யோசனையைப் பழக்கத்தானே இந்த ஆட்டம் என்று முதலில் சொன்னார்கள்? பழக்க முடியாது என்றால் கோடை முழுக்க இந்தப் பிள்ளைகளை எதற்கு ஆட வைத்தார்கள்? கேட்கவில்லை. அன்றைக்கு நான் பேச வேண்டியது எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

திரும்பும்போது அவர்கள் அம்மா என்னோடு பேசவில்லை. இறங்கும் இடம் வரப்போகையில், "நீங்க சொல்லலேன்னா ஒண்ணுக்கும் கிடைச்சிருக்காது. நீங்க சொன்னதுனால பெரியவ மூஞ்சியப் பாக்க முடியல. நான் ஒங்களத் திட்டவா, கையெடுத்துக் கும்பிடவா பெரியம்மா?" என்றாள்.

பிள்ளைகள் முன் இருக்கையில் இருந்தன. பெரியவள் அழவில்லை. மிட்டாயைக் கடித்துப் பாதியைச் சின்னவளுக்குக் கொடுத்துவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அங்க வளவு கெடையாதுல்லா. போனதும் கட்டில எல்லாம் பாத்துக்கோ. ஒவ்வொரு கட்டில்லயும் யாரு படுக்கான்னு பேரு தெரிஞ்சுக்கோ. மீனு இந்தப் பிள்ள கட்டில்ல, குடை அந்தப் பிள்ள கட்டில்லன்னு வச்சுக்கோ. தப்பாது."

"எல்லாப் பிள்ளையும் எங்கிட்டப் பேசுமாக்கா?"

"பேசலைன்னாலும் பேரு தெரிஞ்சா போதும்ட்டி."

சின்னவள் ஜூன் மாதம் போனாள். பெரியவள் இங்கேயே ஆறாவது. போனை அவள் தொடுவதில்லை. அந்த ஆட்டத்துக்குள் ஒரு தோட்டம் உண்டு, ஆடாவிட்டால் செடி வாடிவிடும். சில நாள் ஆந்தை கண்ணீரோடு வந்து கூப்பிடும். பெரியவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பேண்டேஜ் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொடுப்பாள். கணக்கு வீட்டுப்பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் புரிவதில்லை. புரிந்தால் காதில் சொல்லியிருப்பேன்.

காலாண்டு லீவுக்குச் சின்னவள் வந்தாள். நல்ல சாப்பாடுதான், உடம்பு இளைக்கவில்லை. தலைமுடியும் இருந்தது. அதை முதலில் பார்த்தேன். என் வீட்டுக்குள் வந்து துணிக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"கட்டிலுக்குப் பேரு வச்சியா?" என்றாள் பெரியவள்.

"வச்சேன். ஆனா அங்க ஆளுக்கொரு போனு. பக்கத்துல உள்ளவளப் பாக்கக் கூடாது, பேசக் கூடாது. பேசுனா ஆடுற நேரத்தக் குறைச்சிருவாக." துணி ஓரத்தை விரலால் நீவினாள். "எனக்குச் சீட்டுல கடைசி இடம்க்கா. பயிற்சி குடுக்காக, தினமும்."

"பஸ்ஸு?"

"பஸ்ஸுல மொத இடந்தான்" என்றாள். முன்பு சொல்வதைப் போல மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு சொல்லவில்லை. "எனக்கு இப்ப பஸ்ஸு பிடிக்கல."

இரண்டு பேரும் ஒரு துணியின் இரண்டு முனையையும் பிடித்து எனக்கு மடித்துக்கொடுத்தார்கள்.

என்னை ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இந்தப் பிள்ளை கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்து, திரும்பிப் போகமாட்டேன் என்றால் இந்தக் காலத்தில் யாரும் மாட்டுக்கயிற்றால் அடிக்க மாட்டார்கள். ஆனால் ஏன் என்று அவளிடம் கேட்பார்களா? அவள் சொன்னால் அது அவர்களுக்கு விளங்குமா? அக்கா சொன்னது எனக்கே விளங்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறதே.

இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை. நம் கூட்டத்தில் ஒருத்திக்கு மகளைக் கட்டிக்கொடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். மாதம் ஒருமுறை போகிறவள். யார் என்று அவளுக்கே தெரியும். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகளைப் பார்க்க விடுவார்கள். நான் அங்கே ஒரு தடவை பேசிவிட்டேன், மறுபடி போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த முறை போகும்போது இதைச் சின்னவளிடம் வாசித்துக் காட்டு தாயே. சீட்டு, பஸ் என்று நான் எழுதினதில் எது முன்னே எது பின்னே என்று தப்பு இருக்கும். அவள் சொல்கிறபடி திருத்திக்கொள். அவள் அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்ட இடம் வரும்போது மட்டும் வாசிப்பதை நிறுத்திவிட்டு, அவள் ஏதாவது சொல்கிறாளா என்று பார். ஒன்றும் சொல்லாவிட்டால் அதையும் வந்து என்னிடம் சொல்லு.